அவர் பெயர் லேலோ

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

எஸ்டோனியாவின் தார்த்து நகரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. காலையில் தமிழ்ச் செய்தி இல்லாமல் எனக்குக் காபி இறங்காது. அதனால் இதைச் சண்டைக்கு வந்தவளின் கடிதமாக எடுத்துக்கொள்ளாமல், பழைய வாசகி ஒருத்தியின் மனக்குறையாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என்ன நடந்தது என்று உங்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும். யாரென்று சொல்லப்போவதில்லை. மூன்று மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன், பதில் இல்லை. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2025 ஜூலையில் தாலின் நகரில் எஸ்டோனியர்களின் பாடல் பெருவிழா நடந்தது. அதைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை போட வேண்டும், படம் அனுப்ப முடியுமா என்று கேட்டீர்கள். மகிழ்ச்சியோடு அனுப்பினேன். என் கீழ்வீட்டுக்காரரின் படம், அவரைப் பற்றி இரண்டு பத்தி. எண்பது வயது. 1969இல் நடந்த நூற்றாண்டு விழாவிலிருந்து பாடகர் குழுவில் பாடுகிறவர். பெயரைத் தமிழிலேயே எழுதித்தான் அனுப்பினேன்: லேலோ.

அச்சில் வந்தது ‘லீலோ தாத்தா’. படத்தின் கீழே, ‘லீலோ தாத்தாவின் மனைவி, விழா மைதானத்தில்’.

லேலோ பெண். படத்தில் இருப்பவர்தான் லேலோ. உங்கள் புண்ணியத்தில் அவர் தனக்கே மனைவியாகிவிட்டார்.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் மரியாதைக்காக முழுக்க ‘அவர்’ என்றே எழுதியிருந்தேன். பெயர் ஓகாரத்தில் முடிகிறது, ஆகவே ஆண் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். ஆண் என்று ஆனபிறகு படத்தில் ஒரு பெண் நின்றால் அது மனைவியாகத்தானே இருக்க வேண்டும்? தர்க்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

எஸ்டோனிய மொழியில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது. இருவருக்கும் ‘தெமா’, சுருக்கமாக ‘தா’. குடும்பப் பெயரும் ரஷ்ய மொழியில் போலப் பெண்ணுக்கு ஒரு வால், ஆணுக்கு ஒரு வால் என்று மாறாது. முதற்பெயரின் கடைசி எழுத்தும் கைகொடுக்காது. லேலோவும் ஐனோவும் பெண்கள். கல்லே ஆண், மல்லே பெண். ஆக, தெரியவில்லை என்றால் கேட்க வேண்டும். கேட்க நேரமில்லை என்றால் நம்மிடம் ‘அவர்’ இருக்கிறதே! தெமாவுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் ஆங்கிலத்தில்கூடக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு தாத்தாவைத் தேடிப்போனது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

லே எப்படி லீ ஆனது என்பது அதைவிட எளிது. நான் தமிழில் எழுதி அனுப்பியதை ஒருவர் இணையத்தில் ஆங்கில எழுத்தில் தேடி, அதில் இரண்டு ‘e’ இருப்பதைப் பார்த்து, ஆங்கிலப் பழக்கத்தில் லீ என்று ‘திருத்தி’யிருக்கிறார். எஸ்டோனியத்தில் ஓர் உயிரெழுத்தை இரண்டு முறை எழுதினால் அது நெடில், வேறொன்றுமில்லை. ஒன்று எ, இரண்டு ஏ. ஒன்று அ, இரண்டு ஆ. குறிலும் நெடிலும் உள்ள நமக்கு இதைவிட வசதி வேண்டுமா? இந்த நாட்டை இவர்கள் சொல்வதே ‘ஏஸ்தி’ என்றுதான். இரட்டை மெய்யும் அப்படித்தான், எழுதியபடி அழுத்திச் சொல்ல வேண்டும். இவர்களின் பெயர்களை எழுத ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து பல மடங்கு பொருத்தம். நாமோ ஆங்கிலத்தின் முதுகில் ஏறிப் போய்த்தான் இறங்குகிறோம்.

கயா கல்லஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் எஸ்டோனியாவின் முதல் பெண் பிரதமர் ஆனவர். 2024 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பில் இருக்கிறார். உக்ரைன் செய்தி வரும் நாளெல்லாம் அவர் பெயரும் வருகிறது. நம் பக்கங்களில் அவர் ‘கஜா கல்லாஸ்’. கஜா என்றால் எனக்கு 2018 நவம்பரில் வேதாரண்யத்தில் சாய்ந்த தென்னைமரங்கள்தான் கண்ணில் வருகின்றன. அவர் பெயரில் உள்ள ‘j’ எழுத்தை இங்கே ‘ய’ என்று சொல்ல வேண்டும். கயா என்றால் எதிரொலி. கல்லஸ் என்றால் கரை. எதிரொலியும் கரையும் சேர்ந்த பெயரைப் புயலாக்கிவிட்டோம். அவருடைய அம்மா ஆறு மாதக் குழந்தையாக 1949இல் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். இதைக் கயாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதை நீங்களும் மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறீர்கள், கஜா என்ற பெயரில்.

எல்லாவற்றுக்கும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எஸ்டோனியத்தில் ‘ஒ’வின் தலையில் அலைக்கோடு போட்ட ஓர் எழுத்து இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டோ வில்ஹெல்ம் மாசிங் என்ற போதகர் புகுத்தியது. நாம் ‘காது’ என்று சொல்லும்போது உதட்டைக் குவிக்காமல் கடைசியில் ஒரு குற்றியலுகரம் விடுகிறோமே, அதற்கு அண்டைவீட்டு ஒலி. அந்த எழுத்தில் தொடங்கும் பெண் பெயர்கள் உண்டு. பூவிலிருந்து வந்தது ஒன்று, மகிழ்ச்சியிலிருந்து வந்தது ஒன்று. அவற்றைத் தமிழில் எழுத எனக்கே வழி தெரியவில்லை. சாரேமா தீவுக்காரர்களுக்கே அந்த ஒலி வராது, வேறொன்றைச் சொல்லி ஒப்பேற்றுகிறார்கள். அங்கே நீங்கள் எப்படி எழுதினாலும் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் லேலோவில் அப்படி எந்தச் சிக்கலும் இல்லை. லே, லோ. அரிச்சுவடி.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயம்.

நாங்கள் இருப்பது அன்னெலின் பகுதியில், சோவியத் காலத்து அடுக்குமாடிக் கட்டடம். இதழ் வந்ததும் லேலோ என்னைக் காபிக்குக் கூப்பிட்டார். மேசையில் ஏலக்காய் மணக்கும் கிரிங்கல் ரொட்டி. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் துணி விரிப்பதுபோல் விரித்தார். “இதில் என் பெயர் எது?” என்றார். நான் விரலை வைத்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “எவ்வளவு உருண்டையான எழுத்து!” என்றார். படத்தின் கீழே இருந்ததையும் படிக்கச் சொன்னார். ‘லேலோ, விழா மைதானத்தில்’ என்று படித்தேன். இத்தனை சிறிய வாக்கியத்துக்கு ஏன் ஒரு வரி முழுக்க எழுத்து என்று கேட்டார். தமிழ் நீளமான மொழி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் படியிறங்கும்போது பார்க்கிறேன். கீழே வரிசையாக அஞ்சல் பெட்டிகள். அவருடைய பெட்டியில் எஸ்டோனியப் பெயருக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைத் துண்டு. நீல மையில், நடுங்கும் கையில், உங்கள் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தது: லீலோ. ஈகாரத்தின் சுழியை எவ்வளவு பொறுமையாகப் போட்டிருக்கிறார் தெரியுமா! தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அந்தத் தெருவிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒரு பெயருக்கு இவ்வளவா என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே பெயர்தான் எல்லாம், ஐயா. எண்பது வயதுக்காரரைப் பாட்டி என்றோ அம்மா என்றோ நான் கூப்பிட முடியாது, அப்படி ஒரு வழக்கம் இல்லை. பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். எனக்கு முதல் வருடம் முழுக்க நாக்கு எழவே இல்லை. பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டு, பின்னால் ஓர் ‘அம்மா’ போட்டு மெழுகிவிடலாம் என்பதும் இங்கே நடக்காது.

அவர் பெயரை வேறொரு எழுத்தில் வேறொருவர் எழுதுவது இது முதல் தடவையும் இல்லை. 1949 மார்ச் 25 அன்று தொடங்கிய நாடுகடத்தலில் எஸ்டோனியாவிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நான்கு வயது லேலோவும் அம்மாவும் அதில் இருந்தார்கள். அங்கே பள்ளிப் பதிவேட்டில் பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதி, ரஷ்ய வழக்கப்படி அப்பா பெயரோடு ஓர் ‘ஓவ்னா’ சேர்த்து ஒட்டினார்கள். எஸ்டோனியர்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. “கூப்பிட்டது வேறு யாரையோ என்று நினைத்து எழுந்திருக்கவே மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தப் பதிவேட்டுக்காரருக்கு மேலே இருந்து உத்தரவு இருந்தது. உங்களுக்கு அப்படி ஏதும் இல்லையே.

லேலோ என்றால் பாட்டு. தென்கிழக்கில் வாழும் சேத்து மக்களின் பழங்காலக் கூட்டுப் பாடலுக்கு இதுதான் பெயர். 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பாடல் விழாவைப் பற்றிய கட்டுரையில், பாட்டு என்றே பெயர் வைத்த ஒரு பெண் கிடைத்திருக்கிறார். நிருபருக்கு இப்படியொரு அதிர்ஷ்டம் எத்தனை தடவை அடிக்கும்? இவர்களிடம் இந்த மாதிரிப் பெயர்கள் நிறைய. லைனே என்றால் அலை, விர்வே சிற்றலை, பில்வி மேகம், லூலே கவிதை, எஹா அந்தி வெளிச்சம். நம் எழிலியும் தென்றலும்போல. நமக்கு ஆங்கிலப் பெயராகத் தோன்றும் லிந்தா இங்கே காவியத் தாய். கணவனை இழந்து அவள் அழுத கண்ணீர்தான் தாலினை ஒட்டிய யூலெமிஸ்தே ஏரி என்பது கதை. தாலின் குன்றில் இருக்கும் அவள் சிலைக்கு, சோவியத் காலத்தில் நாடு கடத்தப்பட்டவர்களை நினைத்து ரகசியமாகப் பூ வைத்தவர்கள் உண்டு. 1869இல் தார்த்துவில் நடந்த முதல் பாடல் விழாவில் மேடையேறியவர்கள் ஆண்கள் மட்டும்தான். ஆனால் அங்கே ஒலித்த எஸ்டோனியப் பாடல்கள் இரண்டின் வரிகள் லித்யா கொய்துலா என்ற பெண் எழுதியவை. பெண்களுக்கு அந்த மேடையில் இடமில்லை. நூற்றைம்பது வருடம் கழித்து மேடையேறிப் பாடிய பெண்ணை நீங்கள் தாத்தாவாக்கி இறக்கிவிட்டீர்கள்.

கொஞ்சம் சூடாகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரரின் பெயரில் கடைசி எழுத்தை உச்சரிப்பதா விழுங்குவதா என்று நீங்கள் அரை மணி நேர நிகழ்ச்சி நடத்துவீர்கள். தூத்துக்குடியை டூட்டிகோரின் என்று எவராவது எழுதினால் நமக்கு ரத்தம் கொதிக்கும். 2020இல் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற அரசாணையே வந்தது, வந்த வேகத்தில் திரும்பியும் போனது. எழும்பூரை எக்மோர் ஆக்கிய வெள்ளைக்காரனை இன்றுவரை விடமாட்டோம். அதே வேலையை நாம் இன்னொருவருக்குச் செய்யும்போது மட்டும் அது ‘சின்ன எழுத்துப்பிழை’. எழுத்துப்பிழையா அது? பிழையென்றால் சரியாக எழுத நினைத்துத் தவறியிருக்க வேண்டும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பெயரை எழுதுமுன் ஒருமுறை கேளுங்கள். அந்த மொழிக்காரர் வாயால் அது எப்படி வருகிறது என்று காதால் கேட்க இன்று ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் ‘அவர்’ என்று எழுதுங்கள், தாத்தாவையும் பாட்டியையும் விட்டுவிடுங்கள். ஒருவர் தமிழிலேயே எழுதிக் கொடுத்த பெயரை ஆங்கிலத்தைப் பார்த்துத் திருத்தாதீர்கள். எஸ்டோனியப் பெயர்களில் ஏதாவது சந்தேகம் என்றால் எனக்கு எழுதுங்கள், நள்ளிரவானாலும் பதில் போடுகிறேன், காசு வேண்டாம்.

அந்தக் கட்டுரையை வெளியிட்டவருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இரண்டு வரி போதும். முதல் பக்கம் வேண்டாம், ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி. ‘படத்தில் இருப்பவர் பெயர் லேலோ’ என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது, அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. பார்த்து எழுத வசதியாக இருக்கும். நான் அதை வெட்டி எடுத்துக்கொண்டு கீழே போய், தமிழில் எழுத்துகள் அவ்வப்போது மாறும் என்று இன்னொரு பொய்யைச் சொல்லிக்கொள்கிறேன்.

பணிவுடன்,
தார்த்துவிலிருந்து உங்கள் வாசகி

பி.கு.: திருத்தத்தில் மறுபடியும் படம் போடுவதாக இருந்தால், பக்கத்தில் பச்சைக் குடையோடு நிற்பது நான். நானும் மனைவி அல்ல.