சொல்வதெழுதுதல்

கல்லடி,
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது, தவணைப் பரீட்சைத் தாள் திருத்தி முடிக்கும்வரை பேனையை வேறு எதற்கும் எடுக்க முடியவில்லை, குறை நினைக்காதே. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சிறுபோகம் வெட்டி முடிந்ததா, நெல்லைக் கொடுத்துவிட்டாயா இல்லை விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறாயா, அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, மகளின் விஷயத்துக்கு வருகிறேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள், கெம்பஸ் கிடைத்தால் எல்லாம் இங்கிலீஷில்தான், அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ நல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் இருந்தால் சொல்லு என்று கேட்டிருந்தாய். கிளாஸ் எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எட்டு மாதமாக நான் விடாமல் செய்துவரும் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்தால் அவளுக்குக் கட்டாயம் பலன் இருக்கும் என்று நம்புகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

வந்தாறுமூலைக் கெம்பஸில் நம்முடைய முதல் வருசம் உனக்கு ஞாபகம் இருக்கும். தமிழில் உயர்தரம் படித்துவிட்டுப் போய் அந்தப் பெரிய மண்டபத்தில் உட்கார்ந்தோம். பலகையில் எழுதியதை எல்லாம் ஒரு எழுத்து விடாமல் கொப்பியில் இறக்கினோம், ஆனால் எழுதுவதற்கு இடையில் விரிவுரையாளர் கதைத்த எதுவும் நமக்குள் இறங்கவில்லை. இரவு விடுதியில் புத்தகத்தை விரித்தால் அதே விஷயம், அதே சொற்கள், அகராதி இல்லாமலே பாதிக்கு மேல் விளங்கியது. நமக்கு இங்கிலீஷ் போதாது என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டோம் அல்லவா, அந்த முடிவு பிழை மச்சான். கண்ணிடம் இருந்த இங்கிலீஷ் காதிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். இது போன வருசம் எனக்கு மறுபடி நடந்தது. விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒன்லைனில் ஒரு பயிற்சி. திரையில் வந்த எல்லாவற்றையும் வாசித்து விளங்கிக்கொண்டேன், பிறகு நடத்தியவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், அந்தக் கேள்வியில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவர் அதை எழுதிக் காட்டினார். எல்லாம் ஆறாம் வகுப்புச் சொற்கள்.

அன்றிரவு தேடிப் பிடித்ததுதான் சயன்டிபிக் அமெரிக்கன் சஞ்சிகையின் 'அறுபது நொடி அறிவியல்'. 2006 இல் தொடங்கி பதினைந்து வருசத்துக்கு மேல் நடந்த ஒலிபரப்பு, இப்போது வேறு பெயரில் போகிறது, ஆனால் பழையவை நிறையக் கிடைக்கின்றன. பெயர்தான் அறுபது நொடி, பின்னாளில் வந்தவை இரண்டு மூன்று நிமிடமும் ஓடும். எனக்கு அதில் பிடித்தது, பேசிய முழுவதும் எழுத்தாகவும் இருப்பதுதான். அதாவது விடைத்தாளும் கையில் இருக்கிறது. அதை வைத்து நம் நாலாம் வகுப்புச் சொல்வதெழுதுதலைத் திரும்பத் தொடங்கினேன். ரீச்சர் வாசிக்க வாசிக்க எழுதி, கொப்பியை மாற்றித் திருத்தி, பிழைக்குக் கீழே கோடு போடுவோமே, அதேதான்.

முதல் நாள் ஒரு நிமிடத்தை எழுதி முடிக்க ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆனது. ஒரு நிமிடத்தில் நூற்றைம்பது சொல் அளவு வரும். திருத்திப் பார்த்தபோது நாற்பதுக்கு மேல் பிழை, அவற்றில் எனக்குத் தெரியாத சொல் நாலே நாலு! மற்றதெல்லாம் எழுத்தில் கண்டால் விளங்கும் சொற்கள். அந்தச் சிவப்புக் கோடுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், இருபது வருசமாக என்ன நடந்தது என்று அந்தப் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது.

எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது, பேச்சில் இல்லை. அந்த ஒலிபரப்பைத் தொடங்கும்போது 'ஒரு நிமிடம் இருக்கிறதா' என்ற பொருளில் மூன்று சொல் சொல்வார்கள், என் காதில் அது 'கொடமினிட்' என்று ஒரே சொல்லாகத்தான் விழுந்தது. பிறகு அந்தச் சின்னச் சொற்கள், ஒஃப், டு, ஹேட், தன் என்பவை. நாம் வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்டிவிடுகிறோம், அவர்கள் தனியாக எழுதுகிறார்கள், ஆனால் பேசும்போது அதை மென்று விழுங்கிவிடுகிறார்கள். என் பிழைகளில் பாதிக்கு மேல் இந்தச் சின்னச் சொற்களில்தான். இதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று படித்த ஒருவன் கல்முனைச் சந்தையில் வந்து நின்றால் அவன் காதுக்கு என்ன கிடைக்கும்? 'மறுகா வாறன்' என்று நீ சொன்னால் எந்த அகராதியில் தேடுவான்?

சில பிழைகளை அப்படியே சொல்கிறேன், மகளுக்கு உதவும். தேனீயின் பார்வை பற்றிய ஒரு துண்டு. தேனீக்களால் சிவப்பைப் பார்க்க முடியும் என்று எழுதியிருந்தேன். எழுதிய பிறகுதான் உறைத்தது, அவற்றுக்குச் சிவப்புத் தெரியாதே, புற ஊதாதான் தெரியும் என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிறேனே. அந்த இடத்தைப் பத்துத் தடவை போட்டுக் கேட்டேன். முடியாது என்பதற்கு நமக்கு 'காண்ட்' என்று படிப்பித்தார்கள். அமெரிக்கர் அதைக் 'கேன்ட்' என்கிறார்கள், கடைசி ட் வெளியே வராமல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. முடியும் என்று சொல்லும்போதோ வெறும் 'கன்' என்று சுருக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே அந்த இடத்தில் 'கேன்' என்று அழுத்தமாகக் கேட்டால் பெரும்பாலும் அது முடியாது! இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

இன்னொன்று, ஏடம் என்று ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்து அரைப் பக்கம் எழுதிவிட்டேன். அது அணு. இரண்டு உயிருக்கு நடுவில் ட் வந்தால் அவர்கள் நாவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விடுவார்கள், அதனால் ஆதாமின் பெயரும் அணுவும் அவர்கள் வாயில் ஒன்றுதான். அந்தத் தட்டல் ஏறக்குறைய நம்முடைய ர. நாம் பற்றறி என்று எழுதுவதை அவர்கள் 'பேரரி' என்கிறார்கள், தண்ணீர் 'வாரர்' ஆகிறது. நாம் ரீ, ரீச்சர், ரயர் என்று ட் வரும் இடத்தில் ர எழுதிப் பழகிய ஆட்கள், இது நமக்குச் சீக்கிரம் பிடிபட வேண்டும், எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. எண்களில் கவனமாக இருக்கச் சொல். பதினைந்தா ஐம்பதா என்பதை அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும், மில்லியன் பில்லியன் மாறினால் ஆயிரம் மடங்கு பிழை. டைனோசர் அழிந்து 66 மில்லியன் வருசம், பூமிக்கு வயது 4.5 பில்லியன் வருசத்துக்குக் கொஞ்சம் மேல், இப்படித் தெரிந்த எண்களைக் கொண்டு காதைச் சரிபார்க்கலாம்.

ஆனால் தெரிந்தது சில நேரம் கெடுக்கவும் செய்யும், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் சின்ன வயதில் இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை போட்டு அப்பாமார் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டிருப்பார்களே, இரைச்சலில் ஒரு சொல் போனால் என் அப்பா அதைத் தானே நிரப்பிச் சொல்வார், அநேகமாகச் சரியாகவே இருக்கும். செய்தி கேட்க அது போதும். சொல்வதெழுதுதலுக்கு அது ஆகாது. பொருளுக்குப் பொருத்தமான சொல்லை மனம் முந்திக்கொண்டு போட்டுவிடும், காது வேலை செய்யாமலே போய்விடும். அதனால் கேட்காத இடத்தில் நான் இப்போது ஊகித்து எழுதுவதில்லை. எத்தனை அசை கேட்டதோ அத்தனை புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவேன், மூன்றாம் தடவையில் அநேகமாக நிரம்பும். நிரம்பாவிட்டால் காதில் விழுந்த சத்தத்தைத் தமிழ் எழுத்திலேயே குறித்து வைப்பேன், பிறகு விடையோடு பார்க்கும்போது எங்கே பிடி விட்டது என்று அது காட்டிக் கொடுக்கும்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போது நம் மட்டக்களப்பு வாவியில் இரவில் கேட்கும் சத்தம், அந்தப் பாடும் மீன், ஞாபகத்துக்கு வந்தது, ஏன் என்று சொல்கிறேன். எமர்சன் டெனென்ட் என்ற அயர்லாந்துக்காரர், அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளர், 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்து இரவில் வாவியில் வள்ளத்தில் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். வள்ளத்தின் பலகையில் காதை வைத்தால் சத்தம் இன்னும் கூடியது என்று எழுதியிருக்கிறார். இதை நீ ஏற்கனவே அறிந்திருப்பாய். எதனால் வருகிறது என்று நம் மீனவர்களிடம் கேட்டதற்கு அவர்கள் சொன்ன தமிழ்ப் பெயரைத் தன் காதுக்குக் கேட்டபடி இங்கிலீஷ் எழுத்தில் குறித்து, 'அழும் ஊரி', அதாவது அழும் சிப்பி, என்று பொருளும் கொடுத்திருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே வாசித்தால் 'ஊரி கூலீரு கிராடு' என்று வருகிறது. வாய்விட்டு வேகமாக நாலு தடவை சொல்லிப் பார் மச்சான். எனக்கு 'ஊரி குளிறுகிறது', ஊரி சத்தமிடுகிறது, என்றுதான் கேட்கிறது! ஒரு சொல்லை இரண்டாக வெட்டிவிட்டார், குறிலை நீட்டிவிட்டார், ளவும் றவும் அவர் காதில் இல்லை. நான் என் கொப்பியில் செய்யும் பிழைகள் அத்தனையும் அந்த மூன்று சொல்லில் இருக்கின்றன. ஆனாலும் கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்தாரே, அதனால்தானே நூற்றெழுபது வருசத்துக்குப் பிறகும் அந்த மீனவரின் வாய்ச்சொல்லை நாம் திருப்பி எடுக்க முடிகிறது. அதை வாசித்த இரவு எனக்கு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

மகள் எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்கிறேன். எடுத்த எடுப்பில் அறுபது நொடி வேண்டாம், அது வேகம். வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் பழைய ஸ்பெஷல் இங்கிலீஷ் அறிவியல் துண்டுகள் இணையத்தில் கிடக்கின்றன. 1959 அக்டோபரில் தொடங்கியது, அடிப்படையில் ஆயிரத்து ஐந்நூறு சொல் அளவுக்குள், சின்ன வசனங்களாக, நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். ஒரு மாதம் அது போதும், அதற்கு மேல் அதிலேயே நிற்கக் கூடாது, ஏனென்றால் கெம்பஸில் ஒருவரும் அப்படிக் கதைக்கப் போவதில்லை. பிறகு அறுபது நொடிக்கு வரட்டும். அதில் நடத்துபவர் எழுதி வைத்ததை வாசிக்கிறார், அது தெளிவாக இருக்கும். நடுவில் ஆராய்ச்சியாளரின் குரல் வரும், அது நினைத்து நினைத்துக் கதைப்பது, தொடங்கிய வசனத்தை விட்டுவிட்டு வேறொன்று தொடங்குவார்கள். முதலில் அந்த இடங்களை விட்டுவிட்டே எழுதட்டும், ஆனால் கடைசியில் அவளுக்கு வேண்டியது அந்தக் குரல்தான், விரிவுரை என்பது அந்தக் குரலில்தான் வரும். வேகத்தைக் குறைத்துக் கேட்க ஃபோனில் வசதி இருக்கிறது, நான் அதைப் பாவிப்பதில்லை. மெதுவாக்கினால் சத்தம் இழுபடுகிறதே தவிர விழுங்கிய சொல் வெளியே வருவதில்லை. ஐந்து நொடியைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் நல்லது. எழுதித் திருத்திய பிறகு அதே துண்டோடு சேர்ந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும், விழுங்குகிற இடத்தில் நாமும் விழுங்கி. நம் வாயால் சொல்லிப் பழகிய சத்தத்தைக் காது அடுத்த முறை விடாது.

நாளுக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் வேண்டாம். நான் விடிய ஐந்து மணிக்கு எழுந்து செய்கிறேன், அந்த நேரத்தில் கடல் இரைச்சல் மட்டும்தான். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்ததிலிருந்து குளிர்த்திச் சடங்கு வரைக்கும் ஒலிபெருக்கிக்கு நடுவில் ஒன்றும் செய்ய முடியவில்லை, அந்த ஒரு கிழமை விட்டதைத் தவிர வேறு விடவில்லை. இப்போது ஒரு நிமிடத் துண்டுக்கு இருபத்தைந்து நிமிடம் போகிறது, பிழை பத்துக்குள் நிற்கிறது. போன மாதம் இன்னொரு ஒன்லைன் பயிற்சி, கேள்வி கேட்டார்கள், எழுந்து பதில் சொன்னேன்.

ஏ.எல். முடிந்து கெம்பஸ் தொடங்கும்வரை இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு மாதம் சும்மா போகிறது என்று உனக்கே தெரியும். அது நமக்கும் கிடைத்தது, ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதினேன். நீயும் அவளோடு உட்கார்ந்து எழுது, கொப்பியை மாற்றித் திருத்துங்கள், தனியாகச் செய்வதைவிட அது நல்லது. தேனீத் துண்டை வட்ஸ்அப்பில் இன்றைக்கே அனுப்புகிறேன். அவள் எழுதிய முதல் பக்கத்தைத் திருத்தாமல், அழிக்காமல் அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல், எந்த இடத்தில் பிடி விடுகிறது என்று பார்த்து அடுத்த துண்டை நான் தேர்ந்தெடுத்துத் தருகிறேன். வெட்டு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை எல்லோருமாக இங்கே வாருங்கள், அம்மாவுக்குப் பயணம் செய்யலாம் என்று டொக்டர் சொன்னால் அவவையும் கூட்டி வா. கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளாகப் பார்த்து ஒரு வள்ளம் பேசி வைக்கிறேன்.

உன் மச்சான்

நெல் விலையை மறக்காமல் எழுது.