சனிக்கிழமை ஒரு மணி நேரம் போன் வேண்டும்

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு வணக்கம்.

“போன் கொண்டுவரக் கூடாது என்று சொன்ன நீங்களே இப்போது போன் கேட்கிறீர்களே, சார்?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்புகள் என்று ஒரு பாடம் உண்டு. இத்தனை வருடம் அதை மனப்பாடம் செய்யவைத்து மார்க் போட்டோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 என்று சரியாக எழுதும் பிள்ளைக்கு, நம் ஊராட்சி அலுவலகத்துக்குள் போய்ப் பழக்கமில்லை. இந்த முறை ஆய்வகக் கணினியில் இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்தைத் திறந்து காட்டினோம். ஊராட்சிவாரியாகத் திட்டமும் செலவும் அதில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம்ம ஊர்ப் பெயரைத் திரையில் பார்த்ததும் வகுப்பில் ஒரே சத்தம்.

அப்புறம் ஒரு மாணவி மேல்நிலைத் தொட்டியைப் படம் எடுத்து வந்தாள். சுத்தம் செய்த நாள், அடுத்துச் செய்ய வேண்டிய நாள் இரண்டும் அதில் பெயின்டில் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். படத்தைப் பெரிதாக்கினால், அடுத்துச் செய்ய வேண்டிய நாள் கடந்து நாலு மாதம் ஆகிறது. தினமும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் நானும் வருகிறேன். ஒரு நாளும் படித்ததில்லை.

எரியாத தெருவிளக்கு, உடைந்த அடிபம்பு, தேங்கும் சாக்கடை என்று சனிக்கிழமை ஊர் முழுக்க இதையே செய்யப்போகிறோம். படம், இடம், தேதி மூன்றும் வேண்டும். அவற்றை வைத்துக் கிராம சபைக்கு ஒரு மனுவைப் பிள்ளைகளே தட்டச்சு செய்வார்கள். ஆனால் கிராம சபையில் வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள். ஆகவே அக்டோபர் 2 அன்று நடக்கும் கிராம சபைக் கூட்டத்தில் மனுவில் கையெழுத்துப் போட்டு வாசிக்க நீங்கள்தான் வர வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு தவறு நடந்தது. குழாயடியில் நின்ற ஒரு பெண்ணின் முகம் தெரிகிற படம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டது. அவர் வந்து சத்தம் போட்டார், மன்னிப்புக் கேட்டேன். இனி ஆள் முகமோ வீட்டின் உள்பக்கமோ எந்தப் படத்திலும் வராது. படங்கள் ஆசிரியரிடம் மட்டுமே வரும்.

வீட்டில் ஒரு வாட்ஸ்அப் தகவலைப் பார்த்துவிட்டு, “இதை யார் எழுதினது, எப்போ எழுதினது?” என்று பிள்ளை கேட்டால் கோபப்படாதீர்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

மூன்று பேருக்கு ஒரு போன் போதும். இல்லாதவர்கள் வாங்கித் தர வேண்டியதில்லை. கொடுப்பவர்கள் ஜிபேயைப் பூட்டிவிட்டுக் கொடுங்கள். சம்மதச் சீட்டு வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்