மைத்துனர் கேட்ட கேள்வி

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்தது. மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது, வரதட்சணை வேண்டாம் என்று பெண் வீட்டாரிடம் சொல்லியாயிற்று என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் சுகம். மழை தள்ளிப்போகிறது, கிணற்றில் தண்ணீர் குறைவு. ஆனாலும் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வேலை மும்முரமாக நடக்கிறது.

உன் மைத்துனர், "விசுவாசத்தினாலேதானே இரட்சிப்பு? வரதட்சணை வாங்காவிட்டால் பரலோகம் கிடைத்துவிடுமா?" என்று கேட்டாராமே. கிடைக்காதுதான். ஆனால் அந்தக் கேள்வி விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் இரண்டு தனித்தனிக் கணக்காக வைத்துக்கொள்கிறது. வேதம் அப்படி வைக்கவில்லை.

ஆபிரகாமையே எடுத்துக்கொள். 75 வயதில், போகும் இடம் இன்னதென்று தெரியாமலே ஆரானைவிட்டுப் புறப்படுகிறார். ஆதியாகமம் 15-ல் கர்த்தரை விசுவாசிக்கிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அப்போது கையில் பிள்ளை இல்லை, விருத்தசேதனமும் இல்லை. இஸ்மவேல் பிறக்கும்போது வயது 86, ஈசாக்கு பிறக்கும்போது 100. அந்த மகனைப் பலியிடு என்று கர்த்தர் சொல்லி மோரியா மலைக்குப் போகையில் ஈசாக்கு விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டு 14 வருஷத்துக்கும் மேலான பிறகுதான் அந்தப் பலிபீடம் வருகிறது. அங்கே அவர் நீதியைச் சம்பாதிக்கவில்லை. யாரை நம்பினாரோ அவர் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். விசுவாசத்தினால்தான் நீதி என்று காட்ட அப்போஸ்தலன் பவுல் அந்த 15-ஆம் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறார். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று எழுதிய யாக்கோபு அதையும், பலிபீடம் வரும் 22-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக் காட்டுகிறார். இருவரும் பேசுவது ஒரே மனிதனைப் பற்றித்தான்.

சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர் 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபத்தைச் சத்தில்லாத வைக்கோல் நிருபம் என்று எழுதியதை எல்லாரும் சொல்கிறோம். அதே புத்தகத்தில், ரோமர் நிருபத்தின் முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்றும் எழுதியிருக்கிறார். இதைப் பிரசங்கங்களில் கேட்பது அபூர்வம். எனக்கு அது பெரிய வருத்தம்.

பவுலும் ரோமருக்கு எழுதிய நிருபத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிவதைப் பற்றித்தான் சொல்கிறார். 1:5, 16:26 இரண்டையும் மைத்துனரோடு உட்கார்ந்து வாசி.

வீட்டுக் கடன் இன்னும் முடியாத நிலையில் நீ இந்த முடிவை எடுத்தாய். ஊர் மெச்சவேண்டும் என்று எடுத்திருந்தால் அதை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன். கடனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்பாமல் உன்னால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது. நம்பிக்கை எது, கீழ்ப்படிதல் எது என்று அதில் எங்கே கோடு கிழிப்பது? எனக்குத் தெரியவில்லை, கிழிக்கவும் தோன்றவில்லை.

அப்புறம், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை எந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார்கள் என்று உடனே எழுது. கல்யாணத்துக்கு நாங்கள் முந்தின நாளே வந்துவிடுவோம். தங்கச்சியிடம் என் அன்பைச் சொல். மைத்துனரையும் நான் விசாரித்ததாகச் சொல், வரும்போது அவரோடும் நிறையப் பேசவேண்டும்.

கர்த்தருக்குள் அன்புடன்,
உன் நண்பன்