ஸ்டியரிங் அலையுதுன்னா உடனே ஸ்க்ரூவ திருகாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

லோடு வண்டி விபத்துங்கள பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். தூக்கம், ஓவர்லோடு, ஸ்பீடுன்னு எல்லாம் எழுதியிருந்தாங்க, சரிதான், ஆனா ஸ்டியரிங் பத்தி ஒரு வரி கூட இல்ல. இங்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்லேர்ந்து காய் ஏத்திக்கிட்டு பொள்ளாச்சி வழியா கேரளா போற பிக்கப்புங்கள வந்து பாருங்க, பின்னாடி ஸ்பிரிங்ல எக்ஸ்ட்ரா பட்டை (இரும்புத் தகடு) போட்டு தூக்கி, மேல கூண்டு கட்டி, அகல டயர் மாட்டின வண்டிங்க எத்தனையோ நிக்கும். லோடு இறக்கிட்டு காலியா திரும்புறப்பதான் வண்டி ரோட்டுல நேரா நிக்க மாட்டேங்குதுன்னு டிரைவருங்க பொலம்புவாங்க. ஓனர்கிட்ட சொன்னா "ஆடிக்காத்துப்பா, பாலக்காட்டு கணவாய்க்காத்து அப்படித்தான் தள்ளும்"னு முடிச்சிடுவாரு. உடுமலை பக்கம் காத்து தள்ளுறது நெசம்தான். ஆனா காத்தே இல்லாத ராத்திரியிலயும் வண்டி அலையுதே, அதுக்கு என்ன சொல்றது?

பட்டறைக்கு கொண்டு போனா ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் திருப்புறத சக்கரத்துக்கு கடத்துற பல்சக்கரப் பெட்டி) மேல இருக்கிற அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவ ஒரு திருகு திருகி "டைட் ஆயிருச்சுண்ணே, எடுத்துட்டு போங்க"ன்னு அனுப்பிடுறாங்க. எனக்கு ஆத்திரம் வர்றது இங்கதான். சக்கரம் நேரா இருக்கிறப்பதான் பாக்ஸுக்குள்ள பல்லு ரொம்ப நெருக்கமா உக்காந்திருக்கும், அங்க அளவுக்கு மீறி இறுக்கினா ஸ்டியரிங் பிடிச்சுக்கும், வளைவுல திருப்பினது தானா நேருக்கு வராது, டிரைவர் இந்தப்பக்கம் அந்தப்பக்கம்னு இழுத்துக்கிட்டே இருக்கணும், ஆக அலைச்சல் முன்ன விட ஜாஸ்திதான் ஆகும்.

லூஸ் வேற, அலையறது வேற. லூஸ்னா ஸ்டியரிங்க ஆட்டினாலும் சக்கரம் அசையாம கொஞ்ச தூரம் சும்மா போகும். அத பாக்க மெஷினெல்லாம் வேண்டாம். வண்டிய ஜாக்கி போடாம தரையிலயே நிறுத்தி, இன்ஜின ஓடவிட்டு, ஒரு பையன மேல உக்கார வெச்சு ஸ்டியரிங்க லேசா இப்படி அப்படி ஆட்டச் சொல்லணும். நீங்க கீழ படுத்து காலம் ஜாயிண்ட், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் எண்டுன்னு ஸ்டியரிங்லேர்ந்து சக்கரம் வரைக்கும் இருக்கிற இணைப்புங்கள ஒவ்வொண்ணா கைய வெச்சு பிடிச்சுக்கிட்டே போங்க, தேஞ்ச ஜாயிண்ட் உள்ளங்கையில டக்கு டக்குனு அடிக்கும், கண்ணுக்கு தெரியாதது கைக்கு தெரியும். அப்புறம் முன் சக்கரத்த தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா பையன பிரேக் மிதிக்கச் சொல்லுங்க, ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங், நிக்கலைன்னா சக்கரம் திரும்புற அச்சுல இருக்கிற பால் ஜாயிண்ட், இல்லன்னா கிங் பின் தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இதுல எதுவுமே இல்லாம வண்டி அலைஞ்சா, நீங்க எத மாத்தினீங்களோ அங்கேர்ந்துதான் தேடணும். மொதல்ல டயர். ரெண்டு முன் டயரும் ஒரே சைஸ் ஒரே வகைதானா, காத்து ஒரே அளவுதானா, ஒரு பக்கம் ரேடியல் ஒரு பக்கம் நைலான்னு கிடக்கானு பாருங்க. அடுத்தது பட்டை. பின்பக்கத்த 50 மில்லிமீட்டர் தூக்கினா, வீல்பேஸ் 3 மீட்டர்னு வெச்சுக்கிட்டா, வண்டி மொத்தமா முன்னாடி கிட்டத்தட்ட 1 டிகிரி சாயுது, அந்த 1 டிகிரி முன் சக்கரத்தோட கேஸ்டர்லேர்ந்து, அதாவது சக்கரம் திரும்புற அச்சு பின்னாடி சாஞ்சிருக்கிற கோணத்துலேர்ந்து, போயிடுது. ஸ்டியரிங்க தானா நேருக்கு கொண்டு வர்றதே அந்த கேஸ்டர்தான். லோடு ஏத்தினா பட்டை அமுங்கி வண்டி சமமாயிடும், அதனாலதான் போறப்ப ஒழுங்கா போற வண்டி காலியா வர்றப்ப அலையுது! பட்டை போட்டப்புறம் பட்டைய ஆக்ஸிலோட சேத்துப் பிடிக்கிற யு போல்ட்ட, வண்டிய கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி டைட் பண்ணாம விட்டா சென்டர் போல்ட் அறுந்து பின் ஆக்ஸில் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடும். முன் ஹப்புலேர்ந்து பின் ஹப் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வெச்சு அளந்தாலே இது தெரிஞ்சு போயிடும்.

வண்டிய இப்படி மாத்துறது சட்டப்படி சரியாங்கிறது தனிக்கதை, ஆர்சி புக்குல இருக்கிறதுக்கு மாறா மாத்தக்கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, ஆனா மாத்தின வண்டிங்க ஓடிக்கிட்டுதான இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதி 98 என்ன சொல்லுதுன்னா, ஸ்டியரிங் வீல்ல ப்ளே, அதாவது லூஸ் ஆட்டம், 30 டிகிரிக்கு மேல இருக்கக் கூடாது, பால் ஜாயிண்டுக்கெல்லாம் ரப்பர் மூடி இருக்கணும். 30 டிகிரின்னா கடிகாரத்துல 12லேர்ந்து 1 வரைக்கும், அதுவே என்ன கேட்டா ரொம்ப தாராளம். எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) பெயின்ட் அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டி கொண்டு போற நம்ம ஆளுங்க, அங்க போறதுக்கு முன்னாடி இந்த ரப்பர் மூடி கிழிஞ்சிருக்கானு ஒரு தடவை குனிஞ்சு பாத்தா என்ன? இன்ஸ்பெக்டருங்களும் லைட்டு, ரிஃப்ளெக்டர் பாக்குற அக்கறையில பாதிய இதுக்கு காட்டலாம்.

உங்க வாகனப் பக்கத்துல புது கார் விமர்சனம் வாராவாரம் வருது, ஒரு வாரம் இத போடுங்க. வீல் அலைன்மென்ட் பண்றவங்க பல பேரு டோ (முன் சக்கரங்க உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்கிற அளவு) மட்டும் சரி பண்ணிட்டு காசு வாங்கிடுறாங்க, கேஸ்டர் எவ்வளவு இருக்குன்னு ரெண்டு பக்கமும் பிரின்ட் எடுத்துக் குடுன்னு டிரைவருங்க கேட்டு வாங்கணும்னு அதுல பெருசா போடுங்க.

இப்படிக்கு,
லோடு வண்டி மெக்கானிக் ஒருவர்,
ஒட்டன்சத்திரம்.