உளவு நூல்களுக்கும் சான்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவு நிறுவனங்களைப் பற்றிய தமிழ் நூல்களுக்கு வாசகர் பெருகிவருவதை வரவேற்றுத் தங்கள் ஞாயிறு நூல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வாசகர் பெருகுவது எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால், அந்நூல்கள் சொல்லும் செய்திகளை அவற்றின் ஆசிரியர்கள் எங்கிருந்து அறிந்தார்கள் என்ற கேள்வியைக் கட்டுரையாளர் எழுப்பவே இல்லை. அக்கேள்வியை எழுப்பவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மத்திய அரசு அமைச்சகம் ஒன்றின் கோப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குறிப்புத் தாளில் ஒரு வாக்கியம் எழுதினாலும், அது எந்தக் கடிதத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காட்ட ஓரத்தில் ‘ப. 12/சி’ என்று குறிக்காவிட்டால் எங்கள் பிரிவு அதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கம் இன்றும் என்னை விடவில்லை.

கரோல் பாகில் எங்கள் வீட்டு மாடியில், ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தேனி மாவட்டத்துத் தம்பி ஒருவர் குடியிருக்கிறார். வங்கதேசப் போருக்குப் பிறகே நம் அயல்நாட்டு உளவு நிறுவனமான ‘ரா’ அமைப்பு தொடங்கப்பட்டது என்று பயிற்சித் தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தவர், தாம் படித்த தமிழ் நூலைக் கொண்டுவந்து காட்டினார். அதில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. சீனாவுடன் 1962இலும் பாகிஸ்தானுடன் 1965இலும் நடந்த இரு போர்களிலும் அயல்நாட்டு உளவில் இருந்த குறைகள் வெளிப்பட்டதால், உளவுப் பணியகமான ஐ.பி.யிலிருந்து பிரிக்கப்பட்டு, ஆர்.என். காவ் தலைமையில் 1968 செப்டம்பர் 21 அன்று உருவானது ‘ரா’. வங்கதேசப் போர் வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

ஆண்டுப் பிழையைக்கூட அச்சுப் பிழை என்று விட்டுவிடலாம். அடுத்த பக்கத்தில் பிரதமர் இந்திரா காந்தியும் காவும் மூடிய அறைக்குள் தனியே பேசிக்கொண்ட பேச்சு, மேற்கோள் குறிகளுக்குள் இருபது வரிகளுக்கு நீண்டிருந்தது. மேசை மேல் தேநீர் ஆறிப்போனதுகூட விடுபடவில்லை. இருவர் மட்டுமே இருந்த அறையில் நடந்ததை மூன்றாமவர் எப்படி அறிந்தார் என்று பார்க்கக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஆதார நூற்பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகத்தின் பிற வெளியீடுகளுடைய விலைப்பட்டியல் இருந்தது.

இப்படி எழுதுவோர் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: இரகசிய அமைப்புகளைப் பற்றிய சான்று எங்கே கிடைக்கும்? அதில் பாதி உண்மை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 24ஆவது பிரிவு, ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பானவை தவிர, இவ்வமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. இவற்றில் பணியாற்றி ஓய்வு பெற்றோர், அமைப்பின் பணி சார்ந்த எதையும் அதன் தலைவரின் முன் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று 2021 மே 31 அன்று ஓய்வூதிய விதிகள் திருத்தப்பட்டன. பிரிட்டனிலோ, உள்நாட்டு உளவு நிறுவனமான எம்.ஐ.5 அமைப்பே தன் நூற்றாண்டையொட்டித் தன் கோப்புகளை ஒரு வரலாற்றாசிரியருக்குத் திறந்துவிட்டு, 2009இல் தன் வரலாற்றை வெளியிடச் செய்தது. அத்தகைய நூல் நமக்கும் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் கிடைப்பதையாவது பயன்படுத்தலாமே. 1950 முதல் 1964 வரை ஐ.பி.யின் இயக்குநராக இருந்த பி.என். முல்லிக் தம் நினைவுகளை மூன்று தொகுதிகளாக எழுதியிருக்கிறார். ‘ரா’வின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்கு 1988 முதல் 1994 வரை தலைமை தாங்கிய தமிழரான பி. ராமன், 2007இல் ஆங்கிலத்தில் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். இவற்றையும் அப்படியே நம்பிவிடலாகாது. 1962 போரில் தம் துறை தவறவில்லை என்று முல்லிக் வாதாடுகிறார்; அப்போரைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கையை அரசு இன்றளவும் வெளியிடவில்லை என்றாலும், 2014இல் அதன் ஒரு பகுதி வெளியே வந்தபோது, உளவுப் பணியகத்தின் மதிப்பீடுகளை அது கடுமையாகக் குறை கூறியிருப்பது தெரியவந்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிப்பவருக்கே அந்தப் போரின் உளவுக் கதை விளங்கத் தொடங்கும். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவரை ஒருவர் அறியாத ஒற்றர் மூவரின் சொல் ஒத்திருந்தால்தான் அதைத் தெளியலாம் என்கிறார். உளவாளி நேரில் கண்டு சொன்னதற்கே மூன்று சான்று கேட்ட மொழியில், உளவாளியைப் பற்றி எழுதும் நூலுக்கு ஒரு சான்றாவது கேட்பது மிகையாகாது.

புதினம் என்று சொல்லி எழுதுவோரிடம் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டனின் உளவுப் பணியில் இருந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், தம் அனுபவங்களைக் கதையாக்கிக் கதை என்றே வெளியிட்டார். வரலாறு என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு உள்ளே கதை சொல்வதைத்தான் ஏற்க இயலவில்லை. அதை நம்பித் தேர்வு எழுதும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதைக்கிறது.

எனவே, உளவுத்துறை பற்றிய நூலுக்குத் தங்கள் பக்கத்தில் மதிப்புரை வரும்போதெல்லாம், அந்நூலில் அடிக்குறிப்பும் ஆதாரப் பட்டியலும் உள்ளனவா, உரையாடல்களுக்கு மூலம் காட்டப்பட்டுள்ளதா என்பதை ஒரு வரியில் தெரிவிக்குமாறு மதிப்புரையாளர்களைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். என்னிடம் இவ்வகைத் தமிழ் நூல்கள் இருபதுக்கு மேல் உள்ளன. எந்த நூல் எந்தப் பக்கத்தில் ஆதாரம் காட்டுகிறது, எது காட்டவில்லை என்று பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தாங்கள் விரும்பினால் அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
கரோல் பாக், புது தில்லி