அடுத்த சுற்றுக்கு முன்

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுவது. வேலைக்கான நேர்காணலில், வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண்ணைத் தேடும் நிரலை எழுதச் சொன்னார்கள் என்றும், வழி தெரிந்திருந்தும் பதற்றத்தில் வாய் திறவாமலே எழுதி முடித்ததாகவும், கடைசியில் எல்லையில் ஒன்று பிசகிவிட்டதாகவும் நேற்று தொலைபேசியில் சொன்னாய். நேர்காணல் எடுப்பவர்களின் பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பிசகை அவர்கள் மன்னித்திருப்பார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்பது தெரியாமல் போனதுதான் அவர்களைத் தயங்க வைத்திருக்கும்.

பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் 20 ஒப்பீடுகளுக்குள் முடிந்துவிடும் பைனரி சர்ச், அதாவது ஒவ்வொரு முறையும் நடு எண்ணைப் பார்த்துப் பாதிப் பட்டியலை ஒதுக்கித் தேடும் முறை, பார்வைக்கு எளியது. ஆயினும் ஜாவா என்ற நிரல்மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் நூலகத்திலேயே அந்த நிரலில் பல ஆண்டுகள் ஒரு பிழை ஒளிந்திருந்ததையும், அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதை வெளிப்படையாக எழுதியதையும் நீ அறிந்துகொள்ள வேண்டும். நடு இடத்தைக் காண இரு முனைகளின் இட எண்களையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, அந்தக் கூட்டுத்தொகை, அங்கே முழு எண்ணுக்கு உச்ச அளவான 2,147,483,647-ஐத் தாண்டினால் கழித்தல் குறியுள்ள எண்ணாகிவிடும். முனைகளின் இடைவெளியில் பாதியைக் கீழ்முனையோடு கூட்டினால் சிக்கல் தீரும். அத்தனை தேர்ந்தவருக்கே நேர்ந்தது என்பதால், எல்லையில் தவறுவதை எண்ணி நீ குன்றிப்போக வேண்டியதில்லை.

ஆகவே, கேள்வி வந்ததும் கீபோர்டில் கை வைக்காதே. பட்டியல் காலியாக இருக்கலாமா, ஒரே எண் பலமுறை வருமா, எவ்வளவு பெரியது என்று முதலில் கேள். மெதுவான வழியே தோன்றினாலும் அதை வாய்விட்டுச் சொல்லி, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டுக் காட்டிவிட்டு, அதன் பிறகே அதைவிடச் சிறந்ததைத் தேடு. எழுதி முடித்ததும், அவர்கள் சொல்லும் முன்பே, காலிப் பட்டியலையும் ஒற்றை எண்ணையும் இரண்டு எண்களையும் கொடுத்து வரிவரியாக நீயே ஓட்டிப் பார். அவர்கள் குறிப்புக் கொடுத்தால் தயங்காமல் பற்றிக்கொள்; உன்னோடு சேர்ந்து வேலை பார்க்க முடியுமா என்று அவர்கள் அறிந்துகொள்வது அந்த நேரத்தில்தான். பெரிய மென்பொருள் அமைப்பை வடிவமைக்கச் சொல்லும் சிஸ்டம் டிசைன் சுற்றுக்கும் இதே பழக்கம் உதவும். சம்பளப் பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை மாலை நான் அழைக்கிறேன். நீ இதுவரை பார்த்திராத கணக்கு ஒன்றைத் தருவேன். நீ பேசிக்கொண்டே எழுது, நான் இடைமறித்துக் கேள்வி கேட்கிறேன். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா