பீட் மொலாசஸ் கழிவா?

ஆசிரியருக்கு,

சர்க்கரை எடுக்கப் பயிரிடும் கிழங்கான சர்க்கரை பீட் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். ஜெர்மனி ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸைக் 'கழிவுப்பாகு' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருந்தது. படிகமாக மறுத்த பாகுதான் அது; ஆனாலும் அதன் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையே. கரும்பு மொலாசஸைப் போல நாக்கில் வைக்க முடியாது, கசப்பும் வாடையும் தூக்கும், சரி. ரொட்டிக்கான ஈஸ்ட்டை வளர்க்கவும், எரிசாராயம் வடிக்கவும், சிட்ரிக் அமிலம் தயாரிக்கவும் இதைத்தான் வாங்குகிறார்கள். இதிலுள்ள பீட்டெய்ன் என்ற சத்துப்பொருளைப் பிரித்தெடுத்துக் கோழி, மீன் தீவனத்தில் சேர்க்கிறார்கள்.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்தேன். பக்கத்துப் பால் பண்ணையில் காய்ந்த பீட் சக்கையோடு இந்தப் பாகைக் கலந்து வைப்பார்கள். மற்ற தீவனத்தை முகர்ந்துவிட்டு நகரும் மாடு, இதை வைத்தால் தொட்டியை நக்கித் துடைத்த பிறகுதான் நிமிரும். குளிர்காலத்தில் பாகு இறுகிவிடும். வாளியை வெந்நீரில் வைத்தால்தான் இறங்கும். காசு கொடுத்து வாங்கும் சரக்குக்குக் கழிவு என்ற பெயர் எதற்கு? இனி 'மொலாசஸ்' என்றே அச்சிடலாம். வேளாண் பக்கத்தில் அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் போடலாம்.

- வாசகர், கோபிசெட்டிபாளையம்